லெவ்வை அடிக்காத அடி

நான் ஏழாம் வகுப்பில் படித்த வருசம் நாலு அங்குலம் வளர்ந்தேன். வாப்பா தையற்காரர் என்பதால் இந்த அளவில் பிழை இருக்க வழியில்லை. பள்ளிக்கூடக் காற்சட்டையின் கால்மடிப்பை இரண்டு தரம் பிரித்து இறக்கித் தந்தார். மூன்றாம் தரம் இறக்க மடிப்பு மிஞ்சவில்லை. இவன் துணிக்கடைக்காரனின் கட்சியில் சேர்ந்து வளர்கிறான் என்று உம்மாவிடம் சொல்லிச் சிரித்தார். வகுப்பில் எனக்குக் கமுகு என்று பெயர் வைத்தார்கள்.

கால் மட்டும் வளரவில்லை. மேலுதட்டில் மண் ஒட்டினது போல ஒரு கறுப்பு வந்தது. நெற்றியில் பருக்கள் வந்தன. குரல் ஒரு சொல்லுக்கு ஆம்பிளையாகவும் அடுத்த சொல்லுக்கு ஆட்டுக்குட்டியாகவும் வந்தது. இவை ஏன் வருகின்றன என்று எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. எனக்கு மூத்தவளான ராத்தா பெரியபிள்ளையானபோது வீடு நிறையப் பெண்கள் வந்தார்கள். நல்லெண்ணெயும் முட்டையும் குடிக்கக் கொடுத்து, தண்ணீர் வார்த்து, அவளைச் சுற்றியிருந்து மணிக்கணக்காகக் கதைத்தார்கள். ஆண் பிள்ளைக்கு அப்படி ஒன்றும் கிடையாது. சுன்னத்துச் செய்து புதுச் சாரன் உடுத்த நாளோடு எங்கள் உடம்பைப் பற்றிய கதை வீட்டில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு உடம்பில் என்ன வந்தாலும் அது எங்கள் சொந்தக் குற்றம் போல மறைத்துக்கொண்டு திரிவோம்.

பிள்ளைகளே, நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. ஆனாலும் இதை உங்களுக்கு எழுதத்தான் வேண்டும் என்று நினைக்கிறேன். நான் சொல்லாமல் விட்ட ஒரு சொல்லால் ஒரு மனிதருக்கு நடந்ததை நீங்கள் அறிய வேண்டும்.

எங்கள் ஊர் சாய்ந்தமருது. கடற்கரைப் பக்கத்துச் சின்னப் பள்ளிவாசலின் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு மண்டபம் இருந்தது. அஸர் தொழுகைக்குப் பிறகு அங்கேதான் நாங்கள் குர்ஆன் ஓதினோம். ஓதித்தருபவரை லெவ்வை என்று கூப்பிடுவோம். அப்போது இருந்த லெவ்வை இறக்காமத்துக்காரர். இருபத்தைந்து வயது இருக்கும். மெலிந்த ஆள். மண்டபத்தோடு ஒட்டிய சின்ன அறையில் தனியே தங்கியிருந்தார்.

அவருக்குச் சாப்பாடு எங்கள் வீடுகளிலிருந்துதான் போகும். ஒரு நாளைக்கு ஒரு வீடு என்று முறை. முறை வருகிற வீட்டில் அன்று ஒரு கறி கூடுதலாக இருக்கும். மூன்றடுக்குக் கரியரில் சோறும் கறியும் வைத்து அந்த வீட்டுப் பிள்ளை கொண்டுபோய்க் கொடுக்கும். எங்கள் வீட்டு முறையில் நான்தான் கொண்டுபோவேன். லெவ்வை கரியரைக் கழுவித்தான் திருப்பித் தருவார். மற்ற லெவ்வைமார் கழுவுவதில்லை என்று உம்மா அவரைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார்.

மண்டபத்துச் சுவரில் ஒரு ஆணியில் பிரம்பு தொங்கியது. முந்திய லெவ்வை விட்டுப்போனது. இவர் அதைத் தொட்டு நான் கண்டதில்லை. எழுத்தைக் காட்ட ஒரு ஈர்க்கில் வைத்திருப்பார். பிழையாக ஓதினால் அந்த ஈர்க்கில் நகராது. சரியாக ஓதும்வரைக்கும் அந்த எழுத்திலேயே நிற்கும். அவருடைய தண்டனை அவ்வளவுதான்.

ஓதுவதில் நான் கெட்டிக்காரன். முந்திய வருசத்து மீலாத் விழாவில் கிராஅத் ஓதி முதற்பரிசாக ஒரு சுவர் மணிக்கூடு வாங்கியிருந்தேன். இந்த வருசமும் நான்தான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். ஒரு புதன்கிழமை லெவ்வை என்னை ஓதச் சொன்னார். குரல் மேலே ஏற வேண்டிய இடத்தில் கிழிந்தது. சின்னப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். லெவ்வை சிரிக்கவில்லை. குரல் உடைகிற காலம், வற்புறுத்தினால் கெட்டுவிடும், இந்த வருசம் ஆறவிடு மகன் என்று சொல்லிவிட்டு, ஒன்பது வயதுப் பிள்ளை ஒருவனைப் போட்டிக்குச் சேர்த்தார்.

அவர் சொன்னதில் என் காதில் விழுந்தது நான் இல்லை என்பது மட்டும்தான். அன்றும் மறுநாளும் அவருடைய முகத்தைப் பார்க்காமல் ஓதினேன். அவருக்கு ஏதாவது வர வேண்டும் என்று மனதுக்குள் நினைத்தேன். என்ன வர வேண்டும் என்று தெளிவாக நினைக்கவில்லை. ஏதாவது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போகக் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தேன். அந்த வயதில் நான் சேட்டோடு குளிக்கப் பழகியிருந்தேன். உம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. அழுக்கு எப்படிப் போகும் என்று ஏசிக்கொண்டு வந்து, சேட்டை இழுத்துக் கழற்றி, தேங்காய்த் தும்பை எடுத்து முதுகைத் தேய்க்கத் தொடங்கினார். இரண்டு தரம் தேய்த்தவர் நிறுத்திவிட்டார்.

"ஆருடா உனக்கு அடிச்ச?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒருவரும் அடிக்கவில்லை என்றேன். உம்மா தண்ணீரை ஊற்றிக் கழுவிப் பார்த்தார். விரலால் தடவிப் பார்த்தார். பிறகு ராத்தாவைக் கூப்பிட்டார். ராத்தா வந்து பார்த்துவிட்டு அல்லாவே என்று வாயில் கைவைத்தாள்.

அவள்தான் உள்ளே போய்க் கண்ணாடிகள் இரண்டைக் கொண்டுவந்து எனக்கு என் முதுகைக் காட்டினாள். இடுப்புக்கு மேலே முதுகின் குறுக்காக ஐந்து கோடுகள் கிடந்தன. ஒன்றின் கீழ் ஒன்றாக, செம்மண் நிறத்தில், பிரம்பின் அகலத்தில். அடித்தவர் அளந்து அடித்தது போல இருந்தன. என் முதுகை நான் அதற்கு முன் கண்டதே இல்லை. அவை எத்தனை நாளாக அங்கே கிடந்தன என்றும் தெரியாது.

இதற்கிடையில் உம்மா பக்கத்து வளவிலிருந்து மாமாவைக் கூப்பிட்டுவிட்டார். எங்கள் ஊரில் பெண் வீட்டோடுதான் மாப்பிள்ளை வந்து இருப்பார். அதனால் வீட்டுக்கு ஒரு பிரச்சினை என்றால் முதலில் கேட்பது உம்மாவின் உடன்பிறந்தவர். மாமா நல்லவர். ஆனால் கோபம் வந்துவிட்டால் விசாரணையும் தீர்ப்பும் ஒரே மூச்சில் நடக்கும்.

"பள்ளிக்கூடத்திலயா? ஓதுற இடத்திலயா?" என்று கேட்டார். நான் பேசாமல் நின்றேன். "லெவ்வையா?"

அந்த இடத்தில் இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். நான் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். உண்மையைச் சொல்கிறேன். ஒன்று, எனக்குப் பயம். ஒருவரும் அடிக்காமல் கோடு எப்படி வரும்? மனிதன் அடிக்கவில்லை என்றால் ஜின் அடித்தது என்பார்கள், தாயத்துப் போல இசிம் எழுதி நூல் கட்டுவார்கள், வகுப்பில் கமுகு என்ற பெயரோடு இன்னொன்றும் சேரும். லெவ்வைக்குக் கேடு நினைத்ததற்கு அல்லாஹ் போட்ட கோடாக இருக்குமோ என்றுகூட நினைத்தேன். மற்றது, மாமாவின் வாயிலிருந்து லெவ்வை என்ற சொல் வந்தபோது என் மனதின் ஒரு மூலைக்கு அது பிடித்திருந்தது. அவருக்கு ஏதாவது வர வேண்டும் என்று நினைத்தேனே, அது தானாக வாசலுக்கு வந்து நின்றது. நான் செய்தது கதவைச் சாத்தாமல் விட்டது மட்டும்தான்.

நான் பேசாததை அவர்கள் பயம் என்று எடுத்துக்கொண்டார்கள். "பாவம், புள்ள சொல்லப் பயப்பிடுறான்" என்று உம்மா அழுதார்.

ஜும்ஆ முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு என்னை ஓதுகிற மண்டபத்துக்குக் கூட்டிப்போனார்கள். மாமா, வாப்பா, எங்கள் தாய்வழிக் குடிக்காகப் பள்ளிவாசல் நிருவாகத்தில் இருக்கும் மரைக்கார், இன்னும் இரண்டு பெரியவர்கள். லெவ்வை ஸலாம் சொல்லிக்கொண்டு சிரித்தபடி வந்தார். அன்று எந்த வீட்டு முறை என்று சொல்ல வந்திருப்பார்கள் என்று நினைத்திருக்கலாம்.

மாமா என் சேட்டைத் தூக்கிக் காட்டினார். மரைக்கார் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக் குனிந்து பார்த்தார். பிறகு சுவரிலிருந்த பிரம்பை எடுத்து என் முதுகில் ஒரு கோட்டின் மேல் மெதுவாக வைத்துப் பார்த்தார். அளவு சரியாக இருந்தது. அந்தப் பிரம்பு என் மேலில் பட்டது அதுதான் முதல்தரம். அதைப் பிடித்திருந்தவர் மரைக்கார்.

லெவ்வை தான் அடிக்கவில்லை என்றார். சத்தம் போடவில்லை. பிறகு எனக்குப் பின்னால் வந்து நின்று அந்தக் கோடுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நோகுதா மகன்?" என்று கேட்டார்.

"இல்ல" என்றேன். அது உண்மை.

லெவ்வை தலையை நிமிர்த்திப் பெரியவர்களின் முகங்களைப் பார்த்தார். நோகாத அடி எங்கே இருக்கிறது என்று அவர்களில் ஒருவராவது கேட்பார் என்று எதிர்பார்த்திருப்பார். மாமாவுக்குத்தான் கோபம் இன்னும் ஏறியது. "அடிச்சுப்போட்டு நோகுதா எண்டும் கேக்கிறான் பாருங்க" என்றார். வாப்பா எந்தச் சபையிலும் அதிகம் பேசமாட்டார். ஆனால் என் இடுப்பையும் காலையும் அந்த வருசம் மூன்று தரம் அளந்தவர் அவர் ஒருவர்தான்.

மரைக்கார் தீர்ப்பு ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளைகளில் கைவைக்கக் கூடாது என்று பொதுவாகச் சொல்லிவிட்டு எழுந்தார். போகச் சொல்லி லெவ்வையிடம் ஒருவரும் சொல்லவில்லை என்று பிற்காலத்தில் எங்கள் ஊரார் சொல்வார்கள். அது உண்மைதான். சொல்லவில்லை. மறுநாள் முறைக்காரர் வீட்டிலிருந்து கரியர் போகவில்லை. அவ்வளவுதான். அதற்கு அடுத்த வீடும் அனுப்பவில்லை. மூன்றாம் நாள் எங்கள் வீட்டு முறை. உம்மா அன்று மீன் ஆக்கினார். எங்களுக்கு மட்டும் ஆக்கினார். குசினியில் கரியரின் மூன்று தட்டுகளும் கவிழ்ந்தபடி கிடந்தன. நான் அவற்றைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன்.

அந்த மூன்று நாளும் அவர் சந்திக் கடையில் பனிஸ் வாங்கித் தின்று தண்ணீர் குடித்ததைக் கடைக்காரர் சொல்லித்தான் அறிந்தோம். நாலாம் நாள் காலையில் அறை திறந்து கிடந்தது. கூட்டித் துப்புரவாக்கிவிட்டுப் போயிருந்தார்.

மீலாத் விழாவுக்கு அந்த ஒன்பது வயதுப் பிள்ளையைப் பழக்க ஆளில்லாமல் எங்கள் பள்ளிவாசலிலிருந்து ஒருவரும் போகவில்லை.

இரண்டு மாதம் கழித்துப் பள்ளிக்கூடத்துக்கு வைத்திய பரிசோதனைக்காக ஒரு பெண் டொக்டர் வந்தார். பையன்களை வரிசையாகச் சேட்டைக் கழற்றச் சொல்லி முள்ளந்தண்டைப் பார்த்தார். என் முறை வந்தபோது சேட்டை ஒவ்வொரு பொத்தானாக மெதுவாகக் கழற்றினேன். அவர் என் முதுகைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, யாராவது அடிக்கிறார்களா என்றுதான் முதலில் கேட்டார். நான் இல்லை என்றேன். இரண்டு மாதம் பிந்தி வந்த இல்லை. அவர் கோட்டை அழுத்தினார், நோகிறதா என்றார். வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். இந்த வருசம் கடுமையாக வளர்ந்தாயா என்று கேட்டார்.

பின்னால் நின்ற ஒருவன் "கமுகு மாதிரி வளர்ந்த, மிஸ்" என்றான்.

டொக்டர் சிரித்துக்கொண்டு எங்கள் எல்லோருக்கும் விளங்கச் சொன்னார். இந்த வயதில் உடம்பு சிலருக்கு ஓடி ஓடி வளரும். தோல் அதன் பின்னால் ஓடி வர முடியாமல் இழுபடும். இழுபட்ட இடத்தில் உள்ளுக்குள் கோடு விழும். உயர்ந்து வளரும் பையன்களுக்கு முதுகில் இப்படிக் குறுக்காக வரும். தொடையில், தோளில், இடுப்பில், வயிற்றிலும் வரலாம். பெண் பிள்ளைகளுக்கும் வரும், நெஞ்சுப் பக்கமும் வரும். மெலிந்தவருக்கும் வரும், பருத்தவருக்கும் வரும். முதலில் சிவப்பாக, கத்தரிப்பூ நிறமாக இருக்கும். ஒரு வருசம் இரண்டு வருசத்தில் மங்கி வெளுத்துவிடும். முழுக்க அழியாது, ஆனால் கெடுதலும் இல்லை. தொற்றாது. அழுக்கும் இல்லை, நோயும் இல்லை. இதற்கென்று மருந்து தேடி அலையத் தேவையில்லை. குரல் உடைவதும் பரு வருவதும் போல இதுவும் வளர்ச்சிதான் என்றார். அந்த வரிசையிலேயே இன்னும் இரண்டு பேருக்குக் கோடு இருந்தது. அவர்களும் என்னைப் போல மறைத்துத்தான் வைத்திருந்தார்கள்.

உங்களில் யாருக்காவது இப்படி வந்திருந்தால், அல்லது இனி வந்தால், அந்த டொக்டர் சொன்னதைத்தான் நானும் சொல்வேன். பயப்பட வேண்டாம். உம்மாவிடமோ வாப்பாவிடமோ காட்டுங்கள்.

நான் காட்டவும் இல்லை, சொல்லவும் இல்லை. இரண்டு நாள் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். மூன்றாம் நாள் உம்மா மாவிடித்துக்கொண்டிருந்தபோது டொக்டர் சொன்னதைச் சொன்னேன். உம்மா உலக்கையைச் சுவரில் சாத்தினார். பிறகு, இதை ஒருவருக்கும் சொல்லாதே என்றார். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அன்று பின்னேரம் வாப்பா கடை பூட்டி வந்ததும் உம்மாவே சொல்லிவிட்டார். வாப்பா என்னைத் திட்டவில்லை. கழுத்தில் கிடந்த அளவுநாடாவை எடுத்துச் சுருட்டினார், பிரித்தார், திரும்பவும் சுருட்டினார்.

அடுத்த நாள் கடையைத் திறக்காமல் என்னைக் கூட்டிக்கொண்டு இறக்காமம் புறப்பட்டார். காரைதீவுச் சந்தியில் பஸ் மாறினோம். வழியெல்லாம் நெல் வேளாண்மை அறுப்புக்கு நின்றது. லெவ்வையின் வீட்டைக் கண்டுபிடிக்கக் கஷ்டப்படவில்லை. முந்திய கிழமை யானை வந்து வேலியைச் சாய்த்த வீடு என்று அடையாளம் சொன்னார்கள். அவர் வீட்டில் இல்லை, வயலில் என்றார் அவருடைய உம்மா. சொந்த வயலா என்று வாப்பா கேட்டார். யாருடையதோ வயல், கூலிக்கு அறுக்கிறான் என்றார் அந்தத் தாய். நாங்கள் யார் என்று தெரியாததால் மற்றதையும் சொன்னார். சாய்ந்தமருதில் யாரோ பிள்ளைக்கு அடித்தான் என்று கதை கட்டிவிட்டார்கள், அந்தக் கதை இங்கேயும் வந்துவிட்டது, இப்போது எந்தப் பள்ளிவாசலிலும் ஓதிக்கொடுக்கக் கூப்பிடுகிறார்கள் இல்லை என்றார்.

வரம்பில் நடந்து போனோம். லெவ்வை எங்களைக் கண்டதும் கதிர் அறுக்கும் தாக்கத்தியை வரம்பில் வைத்துவிட்டு, கையைச் சாரனில் துடைத்துக்கொண்டு வந்தார். இன்னும் மெலிந்திருந்தார். முகம் கறுத்திருந்தது. வாப்பா அவருடைய இரண்டு கைகளையும் பிடித்தார். டொக்டர் சொன்ன கதையைச் சொல்லி முடிப்பதற்குள் வாப்பாவின் குரல் எனக்கு உடைந்ததைவிட மோசமாக உடைந்தது.

"நாங்க அறியாமச் செய்துட்டம் லெவ்வை. அல்லாவுக்காகப் பொறுத்துக்கொள்ளுங்க."

"பொறுத்துட்டன் காக்கா. உங்களுக்குத் தெரியாதுதானே" என்றார் லெவ்வை.

திரும்பி வரச் சொல்லி வாப்பா கேட்டார். மரைக்காரிடம் தானே கதைப்பதாகச் சொன்னார். லெவ்வை தலையை ஆட்டி மறுத்தார். வந்தால் சாப்பாடு வரும் காக்கா, ஆனால் பிள்ளைகள் என் கையைப் பார்த்துக்கொண்டுதான் ஓதுவார்கள் என்றார்.

வாப்பா என்னை முன்னுக்குத் தள்ளினார். வழியெல்லாம் நான் மனதில் சொல்லிப் பார்த்து வைத்திருந்ததைச் சொன்னேன். எனக்கும் அது என்ன கோடு என்று தெரியாது லெவ்வை, சத்தியமாகத் தெரியாது என்றேன்.

அவர் என் தலையில் கைவைத்தார். கையில் வைக்கோல் மணம்.

"கோடு என்னெண்டு உனக்குத் தெரியா மகன். நான் அடிக்கல்ல எண்டு தெரியும்தானே?"

கோபமாகக் கேட்கவில்லை. ஓதும்போது ஈர்க்கிலை ஒரு எழுத்தில் வைத்துவிட்டுக் காத்திருப்பாரே, அப்படிக் காத்திருந்தார். நான் சேற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வரம்பின் மறுகரையிலிருந்து ஆட்கள் அவரைக் கூப்பிட்டார்கள். அவர் ஸலாம் சொல்லிவிட்டு, தாக்கத்தியை எடுத்துக்கொண்டு போனார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் எனக்குப் பெரிய நிம்மதி. லெவ்வை பொறுத்துவிட்டார், எங்கள் பாரம் இறங்கிவிட்டது என்று நினைத்தேன். வாப்பா ஏன் இன்னும் யன்னலைப் பார்த்தபடி கண்ணைத் துடைக்கிறார் என்று விளங்கவில்லை. பொறுத்துட்டன் என்று அவர் சொன்னது வாப்பாவுக்கு மட்டும்தான் என்பதும் விளங்கவில்லை. வயலில் என்னிடம் அவர் ஒரு கேள்விதான் கேட்டார். அதற்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வந்த வயதில் இறக்காமத்தில் அவர் இல்லை. மௌத்தாகி அடக்கமாகிவிட்டார். அன்றைக்கு அது ஒரு கேள்வி என்றே எனக்குத் தெரியவில்லை. சம்மாந்துறை வருவதற்குள் வாப்பாவின் தோளில் சாய்ந்து தூங்கிப்போனேன்.